காஞ்சியில் ஒரு புதையல் ஆட்டம்: எளிதும் கடினமும் யாருக்கு?

விடுகதைகளைப் பதினாறு வகையாகப் பிரித்து இலக்கணம் சொன்னவர் தண்டி. பல்லவர் காலத்துக் காஞ்சியோடு சேர்த்துப் பேசப்படுபவர். 'காவ்யாதர்சம்' என்ற அவருடைய அணியிலக்கண நூலின் மூன்றாம் பகுதியில் 'பிரஹேளிகை' என்ற பெயரில் இந்தப் பிரிப்பு வருகிறது. விடுகதையால் என்ன பயன் என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார்: கூடிப் பேசும் இடத்தில் பொழுதுபோகும், கூட்டத்தின் நடுவே மறைவாகச் செய்தி சொல்லலாம், எதிராளியைத் திணறடிக்கலாம். முன்னோர் குறையுள்ள விடுகதைகளையும் பதினான்காக எண்ணி வைத்தார்கள் என்று குறிப்பிட்டு, குறைகளுக்கு எல்லை ஏது, நல்லவற்றை மட்டும் சொல்கிறேன் என்று நகர்ந்துவிடுகிறார்.

செல்பேசியின் ஜிபிஎஸ்ஸைக் கொண்டு ஒளித்து வைத்த பெட்டியைத் தேடும் ஜியோகேச்சிங் ஆட்டத்தை அமைப்பவர்களுக்கு இதைவிட நல்ல முன்னுரை கிடைக்காது. அவர்கள் செய்வதும் பொதுவிடத்தில், வழிப்போக்கர் கண்ணெதிரே, விவரம் அறிந்தவருக்கு மட்டும் புரியும்படி செய்தி வைப்பதுதான். அவர்களைக் கெடுப்பதும் அந்த மூன்றாவது பயன்தான்: திணறடிக்கும் ஆசை. புதிதாக வரும் குடும்பமும், நூற்றுக்கணக்கான பெட்டிகளைக் கண்டெடுத்த பழைய ஆட்டக்காரரும் ஒரே ஊரில் மனநிறைவோடு ஆடும்படி புதிர்களைத் தரம் பிரிப்பது எப்படி? இருபத்தைந்து ஆண்டுகளாக உலகெங்கும் விவாதிக்கப்படும் இந்தக் கேள்வியைக் காஞ்சிபுரத்தில் வைத்துப் பார்த்தால், வழக்கமான விடைகள் சில ஆட்டம் கண்டுவிடுகின்றன.

முதலில் வரலாறு, சுருக்கமாக. 2000 மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. சுமார் 100 மீட்டர் வரை இடம் தவறும். அந்தக் கலப்பு நிறுத்தப்பட்டவுடன், மே 3-ஆம் தேதி டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்துக் காட்டோரம் ஒரு வாளியைப் பாதி புதைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிட்டார். சில நாட்களுக்குள் மைக் டீக் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். இன்று உலகில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன. ஒளித்துத் தேடும் ஆசை ஜிபிஎஸ்ஸோடு பிறந்ததல்ல. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் 1854-இல் ஜேம்ஸ் பெராட் என்ற வழிகாட்டி ஒரு குப்பியை வைத்து, அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயரட்டையை அதில் போட்டுச் செல்லும் வழக்கத்தைத் தொடங்கி வைத்திருந்தார்.

தரம் பிரிக்கும் முறையும் இந்த ஆட்டத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு மதிப்பெண்கள். தேடுவதில், புதிரை அவிழ்ப்பதில் உள்ள சிரமத்துக்கு ஒன்று. போய்ச் சேரும் வழியின் சிரமத்துக்கு மற்றொன்று. இரண்டும் 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும். ஒன்பதை ஒன்பதால் பெருக்கினால் 81 கட்டங்கள். வழிக்கான மதிப்பெண் 1 என்றால் சக்கர நாற்காலியில் போக முடியும் என்று பொருள். மூளைக்கும் காலுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்ததுதான் இந்த முறையின் பெரிய பலம். முழங்கால் வலிக்காரர் கடினமான புதிரைத் தேர்ந்தெடுக்கலாம். புதிரில் ஆர்வமில்லாத இளைஞர் மலையேறலாம். ஒருவர் மற்றவரைவிடத் திறமை குறைந்தவர் என்று எங்கும் எழுதப்படவில்லை.

அதே முறை தன் நோயையும் கொண்டு வந்தது. 81 கட்டங்களிலும் ஒவ்வொரு பெட்டியாவது கண்டெடுத்தவர்தான் பதிவு செய்யலாம் என்ற நிபந்தனையோடு கலிபோர்னியாவில் ஒரு பெட்டி வந்தது. அதைப் பார்த்து அப்படிப்பட்ட 'சவால்' பெட்டிகள் பெருகின. அரிய கட்டம் ஒன்றை நிரப்ப ஆட்கள் அலைவதைக் கண்ட அமைப்பாளர்கள் சிலர், எளிய பெட்டிக்கும் விநோத மதிப்பெண் போட்டு ஆள் சேர்த்தார்கள். நிபந்தனைகள் குழப்பமாகி, புகார் குவிந்து, 2015 ஏப்ரலில் புதிய சவால் பெட்டிகளை ஏற்பதையே நிறுத்தி வைத்தார்கள். ஓராண்டு கழித்து மீண்டும் அனுமதித்தபோது, ஆட்டக்காரர் நிபந்தனையை நிறைவேற்றிவிட்டாரா என்று தானாகச் சரிபார்க்கும் கருவி இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. என் பார்வையில் அந்த ஓராண்டு இடைவெளி சொல்லும் பாடம் நேரானது. தன் சவாலைச் சரிபார்க்கும் வழியைச் சொல்லத் தெரியாதவர் அதைக் கடினமாக்கவில்லை, மங்கலாக்கியிருக்கிறார்.

இனி காஞ்சி. இங்கே முதல் சிக்கல் பெட்டியேதான். ரயில் நிலையத்தில் கேட்பாரற்ற பொருளைத் தொடாதீர்கள் என்று நாள் முழுக்க ஒலிபெருக்கி சொல்லும் நாட்டில், கோபுரத்துக்குப் பக்கத்தில் நாடா சுற்றிய டப்பாவை ஒளித்து வைப்பது விளையாட்டாகாது. இங்கிலாந்தின் வெதர்பியிலேயே 2011-இல் ஒரு பெட்டியை வெடிகுண்டு என்று சந்தேகித்து நிபுணர்கள் வந்து தகர்த்தார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கற்றளியின் இடுக்கில் எதையும் செருகவும் கூடாது. இடத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும், இரண்டு பெட்டிகளுக்கு இடையே 161 மீட்டராவது இருக்க வேண்டும் என்பவை ஆட்டத்தின் பொது விதிகள். கோயிலும் கடையும் வீடும் தோளுரசி நிற்கும் நம் தெருக்களில் அந்த இடைவெளியும் எளிதில் கிடைக்காது.

ஆகவே பெட்டியில்லா வகைகளே இந்த ஊருக்கு ஏற்றவை. அமெரிக்க நிலவியல் கழகத்தின் துணையோடு 2004-இல் தொடங்கிய 'எர்த்கேச்' அவற்றில் ஒன்று. இடத்துக்குப் போய், பாறையையோ மண்ணையோ பார்த்து, கேட்ட கேள்விக்கு விடை அனுப்பினால் கண்டெடுத்ததாகக் கணக்கு. கைலாசநாதர் கோயிலைப் போல இதற்கு வாகான இடம் குறைவு. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பிய இந்தக் கோயிலில் பாரம் தாங்கும் அடிவரிசை கருங்கல். மேலே எழுவது மணற்கல். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக ஒரே வெயிலும் மழையும் பட்டும் கீழ்க்கல் கூர்மை மாறாமல் இருக்கிறது, மேலே சிங்கங்களின் முகம் கரைந்திருக்கிறது. ஏன் என்ற கேள்வியைப் பள்ளி மாணவரிடமும் கேட்கலாம், நிலவியல் படித்தவரிடமும் கேட்கலாம். மாணவர் எந்தக் கல் எது என்று காட்டினால் போதும். படித்தவர் உப்பும் ஈரமும் மணற்கல்லின் துகள்களை எப்படிப் பிரிக்கின்றன என்று எழுதட்டும். ஒரே இடம், இரண்டு தரம், ஒரு பொருளும் ஒளிக்கவில்லை. 'அட்வென்ச்சர் லேப்' என்ற புதிய வகையும் இப்படித்தான். நிறுத்தம் நிறுத்தமாகப் போய்ச் செல்பேசியில் விடை சொல்லிக்கொண்டே நகரலாம்.

வழியின் கடினம்

வெளிநாட்டு மதிப்பெண் அட்டவணை மேடு, பள்ளம், பாறை, ஆறு ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுந்தது. காஞ்சியோ கிட்டத்தட்டச் சமதளம். அட்டவணைப்படி பார்த்தால் ஊர் முழுவதற்கும் ஒன்றோ ஒன்றரையோதான். ஆனால் சித்திரை மாதத்து நண்பகலில், செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வெறுங்காலுடன் கருங்கல் பிரகாரத்தைச் சுற்றியவருக்கு அது நான்குக்குக் குறையாது. பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். சென்னையிலிருந்து காலையில் கிளம்பி வரும் குடும்பம் சரியாக அந்த நேரத்துக்குத்தான் வந்து சேரும். 2019-இல் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளிய 48 நாட்களில் வரதராசப் பெருமாள் கோயிலைச் சுற்றி ஒரு நிறுத்தம் வைத்திருந்தால், அதற்கு ஐந்து போட்டாலும் போதாது. நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் மாறும் மதிப்பெண்ணை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

விளையாட்டாகச் சொன்னாலும் இதில் வேலை இருக்கிறது. காஞ்சியில் வழியின் கடினம் நிலத்தைவிட நேரத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மதிப்பெண்ணோடு நேரத்தையும் எழுத வேண்டும்: காலை எத்தனை மணிக்குள், எந்தத் திருவிழா நாட்களில் வேண்டாம், செருப்பு எங்கே விடுவது. பிற மதத்தவர் கொடிமரத்துக்கு அப்பால் போக முடியாத கோயில்களும் உண்டு. உள்ளே போனால்தான் விடை என்று வைத்தால் அவர்களுக்கு மதிப்பெண் ஐந்தல்ல, கதவடைப்பு. விடை தெருவிலோ வெளிப்பிரகாரத்திலோ கிடைக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஜிபிஎஸ்ஸுக்கும் தன் சிரமங்கள் உண்டு. திறந்த வெளியில் சாதாரணச் செல்பேசி ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகக் காட்டும். உயர்ந்த கோபுரத்தின் அடியில் சமிக்ஞை கல்லில் பட்டுத் திரும்பி ஆளை அங்குமிங்கும் இழுக்கும். ஏகாம்பரநாதர் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தின் கற்கூரைக்குக் கீழே அதை நம்பவே முடியாது. அங்கே எண்ணைக் கொடுத்துத் தூணைத் தேடச் சொல்பவர் புதிரை அமைக்கவில்லை, சமிக்ஞைக் கோளாறை ஆட்டக்காரர் தலையில் கட்டுகிறார். மண்டப வாசல் வரை எண், உள்ளே கண் என்று பிரித்துக்கொள்வதே நியாயம்.

கண்ணும் கணக்கும்

எண்ணிச் சொல்லும் புதிர்கள் அமைப்பாளர்களுக்குப் பிடித்தவை, ஏனென்றால் விடையை அப்படியே இட எண்ணாக மாற்றிவிடலாம். காஞ்சி அட்சரேகை 12 பாகை 50 நிமிடத்தையும், தீர்க்கரேகை 79 பாகை 42 நிமிடத்தையும் ஒட்டி இருக்கிறது. ஊர் சில நிமிடங்களுக்குள் அடங்கிவிடுவதால், ஒவ்வோர் எண்ணிலும் புள்ளிக்குப் பின் வரும் மூன்று இலக்கங்களை மட்டும் மறைத்தால் போதும். ஒரு நிமிட அட்சரேகை 1,852 மீட்டர். கடைசி இலக்கம் ஒன்று தவறினால் இரண்டு மீட்டருக்கும் குறைவாகவே விலகுவோம். நடு இலக்கம் தவறினால் 18 மீட்டர், முதல் இலக்கம் தவறினால் 185 மீட்டர்.

இந்தச் சின்னக் கணக்கில் பெரிய நுட்பம் இருக்கிறது. கைலாசநாதர் திருச்சுற்றைச் சுற்றி 58 சிறு கோயில்கள் என்று புத்தகங்கள் சொல்லும். முன்னே கிழக்குப் பக்கம் வரிசையாக நிற்கும் எட்டையும் சேர்ப்பதா என்று நேரில் எண்ணுபவர் தடுமாறுவார். இப்படிச் சச்சரவுக்கு இடமுள்ள எண்ணிக்கையைக் கடைசி இலக்கத்தில் வைத்தால், தவறியவர் சில மீட்டர் தள்ளி நின்று தாமே திருத்திக்கொள்வார். முதல் இலக்கத்தில் வைத்தால் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்பார். புதியவர்களுக்கான ஆட்டத்தில் ஆறு இலக்கங்களின் கூட்டுத்தொகையையும் சொல்லிவிடலாம், தவறு உடனே தெரிந்துவிடும். தேர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லாமல் விடலாம். புதிரை மாற்றாமலே தரத்தை மாற்றும் மலிவான வழி இது.

இணையத்தில் கிடைக்கும் விடையைக் கேட்டால் யாரும் காஞ்சிக்கு வரமாட்டார்கள். வரதராசப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில் தூண்கள் நூறல்ல, 96. பெயரை நம்பியவர் தவறுவார், எண்ணியவர் வெல்வார். நல்ல பொறிதான். ஆனால் தேடுபொறியில் தட்டியவரும் வென்றுவிடுகிறார். அதற்குப் பதிலாக அம்மண்டபத்தின் குறிப்பிட்ட ஒரு மூலைத் தூணில் குதிரைச் சிற்பத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டால், நேரில் வந்தே ஆக வேண்டும்.

யாருடைய அறிவு?

இங்கேதான் என் முக்கிய வாதம். ஆட்டக்காரரைத் தொடக்கநிலை, இடைநிலை, தேர்ச்சிநிலை என்று ஒரே கோட்டில் நிறுத்துவது காஞ்சியில் செல்லாது.

ஓர் எடுத்துக்காட்டு. ஆழ்வார்கள் பாடிய திருமால் தலங்களான திவ்ய தேசங்கள் காஞ்சி நகரத்தில் 14. ஆனால் அத்தனையையும் சேவிக்க எத்தனை வளாகங்களுக்குள் கால் வைக்க வேண்டும்? ஊரகம், நீரகம், காரகம், கார்வானம் ஆகிய நான்கும் உலகளந்த பெருமாள் கோயிலுக்குள்ளேயே இருக்கின்றன. நிலாத்திங்கள் துண்டம் ஏகாம்பரநாதர் கோயிலுக்குள். கள்வனூர் காமாட்சியம்மன் கோயிலுக்குள். நான்கு ஒன்றாகச் சுருங்குவதால் விடை 11. எதிரெதிரே நிற்கும் பவளவண்ணரையும் பச்சைவண்ணரையும் இரண்டாகக் கணக்கிட்டவர் தவறுவார், ஏனென்றால் பாசுரம் பெற்றது பவளவண்ணர் மட்டுமே. ஐநூறு பெட்டி கண்டெடுத்த மென்பொருள் பொறியாளர் இதில் ஒரு நாளைச் செலவிடக்கூடும். திவ்யப் பிரபந்தத்தில் ஊறிய பாட்டி வெற்றிலை மடிக்கும் நேரத்தில் சொல்லிவிடுவார். இதற்குத் தேடல் மதிப்பெண் என்ன? நாலரையா, ஒன்றா?

இன்னும் கூர்மையான உதாரணம் தறியில் இருக்கிறது. கரையைத் தனியே நெய்து உடலோடு கோக்கும் கோர்வைச் சேலையில், ஊடை நூலைக் கொண்டு செல்லும் நாடா மூன்று ஓடும். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. எதிர்க்கரையில் நாடா தள்ள இன்னோர் ஆள் வேண்டும். உடலின் ஊடை கரைக்குள் போவதில்லை, அதனால்தான் கரையின் நிறம் கலப்படமில்லாமல் நிற்கிறது. ஒரே ஊடை முழுதும் ஓடும் சேலையில் உடலின் நிறம் கரையிலும் சாயலாகத் தெரியும். விற்பனைக்கூடத்தில் இரண்டு சேலைகளை விரித்து வைத்து எது கோர்வை என்று கேட்டால், வெளியூர்க்காரருக்கு அது நுண்ணோக்கிப் பரீட்சை. பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரருக்கு அது கேள்வியே அல்ல. முந்தி உடலோடு வேறு நிறத்தில் சேரும் 'பேட்னி' இணைப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னாலும் இதே கதைதான். 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்ற பட்டுக்கு எது அடையாளம் என்பதை வாங்குவோர் கற்றுக்கொள்ளவும் இப்படிப்பட்ட நிறுத்தம் உதவும்.

தறியில் மாட்டும் ஜக்கார்டு துளையட்டை அதைவிடச் சுவையானது. ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-இல் பிரான்சில் உருவாக்கிய முறையில், அட்டையில் துளை இருந்தால் நூல் உயரும், இல்லையேல் உயராது. வரிசைக்கு நான்கு இடம் வைத்து, இடமிருந்து எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று என்று மதிப்புக் கொடுத்தால், துளைகளைக் கூட்டி எந்த இலக்கத்தையும் எழுதலாம். ஐந்து என்றால் இரண்டாம் இடத்திலும் நான்காம் இடத்திலும் துளை. ஆறு வரிசையில் மறைக்க வேண்டிய ஆறு இலக்கங்களும் முடிந்தன. கணினிக்காரருக்கு இரும எண் தெரியும், ஆனால் அட்டையைப் பார்த்ததும் அது எண் என்று தோன்றாது. அட்டை குத்துபவருக்குத் துளை பழகியது, ஆனால் அது எண்ணாகும் என்று தோன்றாது. இருவரும் சேர்ந்து வந்தால் புதிர் உடனே அவிழும். தரம் பிரிப்பதற்கு மாற்றாக, பாதி பாதி அறிவுள்ளவர்களைச் சேர்த்து ஆடவைக்கும் இந்த வழி எனக்கு மேலானதாகப் படுகிறது.

கல்வியறிவைச் சோதிக்கும் நிறுத்தங்களும் வேண்டும், அளவோடு. வைகுந்தப் பெருமாள் கோயில் சுற்றுமாளிகைச் சுவரில் பல்லவர் வரலாறு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. பன்னிரண்டு வயதுச் சிறுவனான நந்திவர்மப் பல்லவமல்லனை அரசுக்குத் தேர்ந்தெடுத்த கதை அதில் வருகிறது. சில சிற்பங்களுக்குக் கல்வெட்டுக் குறிப்பும் உண்டு. இவற்றை ஆராய்ந்து சி. மீனாட்சி எழுதிய நூலை 1941-இல் தொல்லியல் துறை வெளியிட்டது. அந்த நூல் தெரிந்தால்தான் அவிழும் என்று புதிர் வைத்தால் அது தேர்வுத்தாள். கதையைப் புதிரிலேயே நாலு வரியில் சொல்லி, அந்தக் காட்சி எந்தச் சுவரில் என்று தேடவிட்டால் அது ஆட்டம். திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலின் விதான ஓவியங்களுக்கும் இதுவே பொருந்தும். 1387-இல் இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபத்தில் தலையை அண்ணாந்து நிற்கும் சிரமமே போதும். அதற்கு மேல் நூலறிவையும் கேட்க வேண்டாம்.

குறிப்பு கொடுப்பது

தரம் பிரிப்பதில் பாதி வேலை குறிப்பில்தான் முடிகிறது. ஜியோகேச்சிங்கின் ஆங்கில இணையதளத்தில் குறிப்பை எழுத்து மாற்றி மறைத்து வைப்பார்கள், வேண்டியவர் சொடுக்கிப் பார்க்கலாம். அந்த எழுத்து மாற்றம் தமிழுக்கு உதவாது. உதவவும் வேண்டாம், நம்மிடம் சித்திரகவி இருக்கிறது. தண்டியின் வழியில் தமிழில் எழுந்த தண்டியலங்காரம் எழுத்து நீக்கிப் பொருள் மாற்றும் விளையாட்டுக்கும் கேள்விக்குள் விடை வைக்கும் விளையாட்டுக்கும் பெயர் கொடுத்திருக்கிறது. 'தலையை எடுத்தால் ஊர், எடுக்காவிட்டால் ஊருக்கே தலை' என்று குறிப்பு எழுதினால் பள்ளிக்கூடப் பிள்ளை கோபுரத்தைக் காட்டிவிடும்.

குறிப்புகள் மூன்று படியில் இருந்தால் நலம். எதைக் கொண்டு தேட வேண்டும் என்று முதல் குறிப்பு சொல்லட்டும்: கண்ணா, எண்ணா, படிப்பா, கேட்டறிவதா. பலர் திணறுவது இந்த இடத்தில்தான். இரண்டாவது எந்தப் பக்கம் என்று சொல்லட்டும். மூன்றாவது விடையையே சொல்லிவிடட்டும். வெயிலில் குழந்தையோடு நிற்பவரை வெறுங்கையோடு அனுப்புவதில் அமைப்பாளருக்கு என்ன பெருமை?

கேட்டறிவதைத் தனி வகையாகவே கருத வேண்டும். காஞ்சியில் பூக்கடைக்காரரிடம் கேட்காமல் ஒரு சந்தைக் கண்டுபிடிப்பது வீண் பிடிவாதம். ஆனால் கேட்கும் இடத்துக்கும் எல்லை உண்டு. தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு நேரம்தான் கூலி. வாரக் கடைசியில் பத்துப் பேர் வந்து கதவைத் தட்டி உங்கள் தறியில் எத்தனை நாடா என்று கேட்டால், அவர் விருந்தோம்பலை நாம் சுரண்டுகிறோம். நெசவு நிறுத்தங்களைக் கூட்டுறவுச் சங்க விற்பனைக்கூடத்தில் அனுமதியோடு வைக்கலாம். வீட்டுத் தறியைக் காட்டியே ஆக வேண்டுமென்றால், அந்த நெசவாளரைப் பணம் கொடுத்து வழிகாட்டியாக அமர்த்தட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காஞ்சியில் இப்படி ஓர் ஆட்டம் அமைக்க நினைக்கும் ஆசிரியர்களும், கல்லூரி மாணவர்களும், சுற்றுலாத் துறையினரும் மதிப்பெண்ணைத் தாங்களே போடாதீர்கள். புதிரை நான்கு பேரிடம் கொடுங்கள்: ஒரு நெசவாளர், கோயில் அறிந்த ஒரு முதியவர், ஊருக்குப் புதிய ஒருவர், பத்து வயதுப் பிள்ளை ஒன்று. நால்வருக்கும் ஆன நேரத்தைத் தனித்தனியே குறித்து, அந்த நான்கு எண்களையும் அப்படியே ஆட்டக்காரர்களுக்குக் காட்டுங்கள். எந்த வரிசை தமக்கு உரியது என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.